கனடா பி.ஆர். இருக்கும்போதே அமெரிக்க கிரீன் கார்டும் வைத்துக்கொள்ளலாமா?

பெருந்துறையில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு டொரன்டோவில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கனடா பி.ஆர்., அதாவது அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை, கிடைத்து இரண்டு வருடமாக அங்கேயே இருக்கிறார். இப்போது அவருடைய கம்பெனி அவரை டெட்ராய்ட் ஆபீசுக்கு மேனேஜராக மாற்றப் போகிறது. அதற்காக அமெரிக்க கிரீன் கார்டுக்கும் போட்டிருக்கிறது, அது கைக்கு வரும் நிலையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்திருக்கலாமா, ஒன்றைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வார்களா என்பது அவருடைய முதல் கேள்வி. ஊரில் அப்பாவோடு சேர்ந்து இருக்கும் வங்கிக் கணக்கும், கோபி பக்கம் இருக்கும் தோட்டமும் இதில் சிக்குமா என்பது அடுத்தது. வீட்டில் தை மாதம் கல்யாணம் வைக்கலாம் என்கிறார்கள், அதற்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று கடைசியில் சும்மா கேட்பது போலக் கேட்டிருக்கிறார். எல்லாவற்றிலும் அவசரமானது அந்தக் கடைசிக் கேள்விதான்.

வெளிநாட்டில் இருக்கும் நம் கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக் குடும்பங்களின் வரிக் கணக்கைப் பார்ப்பது என் தொழில். அந்த வேலையில் குடியேற்றக் காகிதங்களையும் சேர்த்துப் பார்க்காமல் முடியாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன் தம்பி, பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டையும் வைத்திருக்கலாம். கிரீன் கார்டு வாங்கிய காரணத்துக்காக ஒருவருடைய பி.ஆர். போகும் என்று கனடா சட்டத்தில் எங்கேயும் இல்லை. கனடா பி.ஆர். வைத்திருப்பவர் கிரீன் கார்டு வாங்கக் கூடாது என்று அமெரிக்கச் சட்டத்திலும் இல்லை. கார்டைக் கொடுக்கும்போது பழையதைத் திருப்பிக் கொடு என்று யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டையும் சட்டப்படி வைத்திருக்கும் நம் ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள்.

சிக்கல் வாங்குவதில் இல்லை, காப்பாற்றுவதில் இருக்கிறது. கனடா நீங்கள் இருந்த நாட்களை எண்ணுகிறது. அமெரிக்கா உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்று பார்க்கிறது. இது புரியாமல், வருடத்துக்கு ஒருமுறை இரண்டு பக்கமும் போய்த் தலையைக் காட்டினால் போதும் என்று நினைப்பவர்கள்தான் கடைசியில் ஒன்றை இழக்கிறார்கள்.

கனடாவின் கணக்கு நேரானது. எந்த நாளில் சோதித்தாலும், அதற்கு முந்தைய 5 வருடத்தில் 730 நாட்கள் நீங்கள் கனடாவுக்குள் இருந்திருக்க வேண்டும். பி.ஆர். வாங்கி 5 வருடம் ஆகவில்லை என்றால், மீதி இருக்கும் காலத்தில் அந்த 730ஐ எட்ட முடியுமா என்று பார்ப்பார்கள். தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. நாளின் ஒரு பகுதி இருந்தாலும் முழு நாளாகவே சேரும். நீங்கள் இரண்டு வருடமாக டொரன்டோவில் இருப்பதால், நடுவில் ஊருக்கு வந்த நாட்களைக் கழித்தாலும் 730ஐத் தொட்டிருப்பீர்கள் அல்லது நெருங்கியிருப்பீர்கள். ஆனால் அது சம்பாதித்து முடித்துவிட்ட சொத்து அல்ல. 5 வருடம் என்பது உருண்டுகொண்டே போகும் கணக்கு. இன்றைக்குக் கனடாவை விட்டுப் போனால் அடுத்த மூன்று வருடம் கவலை இல்லை, அதற்கு மேல் பழைய நாட்கள் ஒவ்வொன்றாகக் கணக்கை விட்டு விழ ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று. பி.ஆர். கார்டின் தேதி முடிவதும் பி.ஆர். முடிவதும் ஒன்றல்ல. கார்டு ஐந்து வருடத்தில் காலாவதி ஆகலாம், உரிமை அப்படியே இருக்கும். அதிகாரி ஒருவர் முறைப்படி முடிவெடுத்து, அது இறுதியாகும் வரை அல்லது நீங்களே எழுதிக் கொடுக்கும் வரை நீங்கள் பி.ஆர்.தான். அப்படி எதிராக முடிவு வந்தாலும் மேல்முறையீடு உண்டு. எல்லையில் வெளியேற்ற உத்தரவு கொடுத்தால் 30 நாளுக்குள், வெளிநாட்டில் இருக்கும்போது கனடா திரும்புவதற்கான பயண ஆவணம் மறுக்கப்பட்டால் 60 நாளுக்குள் போட வேண்டும்.

வெளியே இருந்தாலும் உள்ளே இருந்ததாகச் சேரும் நாட்களும் உண்டு. கனடாக் குடிமகளான மனைவியோடு சேர்ந்து வெளிநாட்டில் வாழ்ந்தால் அந்த நாட்கள் சேரும், அதிலும் சில வழக்குகளில் யார் யாரோடு கிளம்பிப் போனது என்று தோண்டியிருக்கிறார்கள். கனடாக் கம்பெனி ஒன்று தன் முழுநேர ஊழியராக உங்களை வெளிநாட்டுக்கு அனுப்பினாலும் சேரும். உங்களுக்கு இது பொருந்துமா என்றால், டெட்ராய்டில் உங்களுக்குச் சம்பளம் கொடுக்கப் போவது எந்தக் கம்பெனி என்பதைப் பொறுத்தது. அங்கே இருக்கும் அமெரிக்க நிறுவனத்தின் சம்பளப் பட்டியலுக்கு மாறிவிட்டால், தாய்க் கம்பெனி கனடாவில் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து வாதாட வேண்டாம்.

அமெரிக்கா இப்படி எண்ணுவதில்லை. வருடத்தில் இத்தனை நாள் இருந்தால் கிரீன் கார்டு தங்கும் என்று ஒரு எண்ணைச் சட்டம் சொல்லவே இல்லை. 6 மாதத்துக்கு ஒருமுறை போய்வந்தால் போதும் என்று கவுண்டம்பாளையம் முதல் காங்கேயம் வரை எல்லோரும் சொல்கிறார்கள், அது பாதி உண்மைகூட இல்லை. 180 நாளைத் தாண்டி வெளியே இருந்தால் எல்லையில் கூடுதலாகக் கேள்வி வரும். ஒரு வருடத்தைத் தாண்டினால் அந்தக் கார்டைக் காட்டி உள்ளே நுழைய முடியாது. முன்கூட்டியே, அமெரிக்காவில் இருக்கும்போதே, ஐ-131 படிவம் போட்டு மறுநுழைவு அனுமதி வாங்கியிருந்தால் 2 வருடம் வரை தாங்கும். ஆனால் 5 மாதத்துக்கு ஒருமுறை ஒழுங்காக வந்துபோனவரிடம்கூட, உங்கள் வீடு டொரன்டோவில், வேலை டொரன்டோவில், பிள்ளை படிப்பது டொரன்டோவில், நீங்கள் இங்கே விருந்தாளியாகத்தானே வருகிறீர்கள் என்று அதிகாரி கேட்கலாம். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் இல்லை என்றால் கார்டு ஆட்டம் காணும்.

ஆக, அமெரிக்காவில் வாழ்ந்துகொண்டு கனடா பி.ஆரைக் காப்பது காலண்டர் வேலை. கனடாவில் வாழ்ந்துகொண்டு கிரீன் கார்டைக் காப்பது நம்பவைக்கும் வேலை. பொதுவாக முதலாவதுதான் சுலபம்.

பொதுவாக என்று சொல்லக் காரணம் இருக்கிறது, அதுதான் உங்களுக்கு அதிர்ஷ்டமும்கூட. அமெரிக்காவோடு நிலத்தால் ஒட்டியிருக்கும் இரண்டு நாடுகளான கனடாவுக்கும் மெக்ஸிகோவுக்கும் மட்டும் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவர், அமெரிக்காவில் நிலையான வேலை இருந்தால், வீட்டைக் கனடா அல்லது மெக்ஸிகோ பக்கம் வைத்துக்கொண்டு தினமும் போய்வரலாம். 'கம்யூட்டர்' கிரீன் கார்டு என்பார்கள். ஐ-90 படிவம் போட்டு அந்த வகைக்கு மாறிக்கொள்ள வேண்டும். வேலை போய்த் தொடர்ந்து 6 மாதம் அமெரிக்காவில் நிலையான வேலை இல்லாமல் இருந்தால், அது உங்கள் கையை மீறிய காரணத்தால் என்றால் தவிர, அந்த உரிமை போய்விடும்; வேலை கிடைக்கவில்லை என்பது அப்படிப்பட்ட காரணம் ஆகாது. இப்படிப் போய்வரும் வருடங்கள் அமெரிக்கக் குடியுரிமைக்கான 5 வருடக் கணக்கில் சேராது. இந்த இரண்டு நிபந்தனைகளைத் தாங்கிக்கொள்ள முடிந்தால், வீடு கனடாவில் இருப்பது கிரீன் கார்டுக்குக் குற்றமே இல்லை.

நீங்கள் போகப்போவது டெட்ராய்ட். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடாவின் விண்ட்சர் நகரம். நடுவில் 1929இல் திறந்த அம்பாசடர் பாலமும், அதற்கு அடுத்த வருடம் திறந்த சுரங்கப்பாதையும் இருக்கின்றன. விண்ட்சரில் குடியிருந்து டெட்ராய்ட் மருத்துவமனைகளுக்குத் தினமும் வேலைக்குப் போகிற நர்சுகள் நிறையப் பேர். ஈரோட்டில் குடியிருந்து பெருந்துறை சிப்காட்டுக்குப் போய்வருவதைவிட அங்கே தூரம் குறைவு, நடுவில் பாஸ்போர்ட் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் என் யோசனை இது. டொரன்டோ வீட்டைக் காலி செய்து நேராக டெட்ராய்டுக்குப் போகாதீர்கள். முதலில் விண்ட்சருக்குப் போங்கள். கனடாக் குடியுரிமைக்கு, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 5 வருடத்தில் 1,095 நாட்கள் வேண்டும். பி.ஆர். கிடைக்கும் முன் மாணவராகவோ வேலை அனுமதியிலோ அங்கே இருந்திருந்தால், அந்த நாட்கள் பாதிக் கணக்கில், அதிகபட்சம் 365 வரை சேரும். காலையில் போய் மாலையில் திரும்பும் நாள் கனடாவில் இருந்த நாளாகவே எண்ணப்படும். அப்படியானால் உங்களுக்கு மிச்சம் இருப்பது ஒரு வருடம், பழைய நாட்கள் இருந்தால் அதற்கும் குறைவு. விண்ணப்பம் போட்ட பிறகும் உறுதிமொழி எடுக்கும் நாள் வரை பி.ஆர். கணக்குக் குறையக் கூடாது. உங்களிடம் அப்போது 1,095 நாட்கள் சேர்ந்திருக்கும், அதனால் அது பிரச்சனை ஆகாது. குடியுரிமை கைக்கு வந்ததும் டெட்ராய்டுக்கு வீட்டை மாற்றுங்கள், மறுபடி ஐ-90 போட்டு கம்யூட்டர் வகையில் இருந்து சாதாரண கிரீன் கார்டுக்கு வாருங்கள். அதற்கு அப்புறம் கனடாவில் ஒரு நாள்கூட எண்ண வேண்டியதில்லை. எப்போதாவது கிரீன் கார்டு போனாலும் கனடாக் குடிமகனாக, பட்டியலில் இருக்கும் தொழில்களுக்கான டி.என். என்ற தற்காலிக வேலை அனுமதி வகையில் அமெரிக்காவில் வேலை செய்ய வழி இருக்கும்.

சிலர் இதற்கு நேர்மாறாக யோசிப்பார்கள். டெட்ராய்டில் வீடு எடுத்துக்கொண்டு வார இறுதியில் மட்டும் விண்ட்சருக்குப் போய்வந்தால் கனடா நாட்கள் சேராதா என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 வருடத்துக்கு 730 என்றால் வருடத்துக்கு 146. வெள்ளி மாலை போய் ஞாயிறு இரவு திரும்பினால் வாரத்துக்கு 3 நாள், 52 வாரத்துக்கு 156. சரியாக வருகிறது. ஆனால் வருடத்துக்கு நான்கு வாரம் ஊருக்கு வருவீர்கள் அல்லவா, அப்போது 48 வாரம், 144 நாள், ஐந்து வருடத்தில் 720. பத்து நாள் குறைகிறது. அதோடு, ஒவ்வொரு வாரமும் எல்லையைத் தாண்டித் தங்குவதற்கு அந்தப் பக்கம் இடம் வேண்டும், வாடகை வேண்டும். கல்யாணம் ஆகிக் குழந்தையும் பிறந்தபின் இது நடக்காத காரியம். நாள் கணக்கை ஏமாற்றவும் முடியாது. நிலவழியில் ஒரு நாட்டுக்குள் நுழையும் பதிவு மற்ற நாட்டை விட்டு வெளியேறிய பதிவாக அதிகாரிகளுக்குள் பரிமாறப்படுகிறது. நீங்கள் எழுதும் தேதியும் அவர்கள் திரையில் இருக்கும் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எல்லையில் என்ன சொல்வது என்று பலர் பயப்படுகிறார்கள். எந்த நாட்டுக்குள் போகிறீர்களோ அந்த நாட்டுக் கார்டையும் இந்தியப் பாஸ்போர்ட்டையும் நீட்டுங்கள். மற்ற கார்டைப் பற்றிக் கேட்டால் இருக்கிறது என்று சொல்லுங்கள். எங்கே குடியிருக்கிறீர்கள் என்றால் எங்கே குடியிருக்கிறீர்களோ அதைச் சொல்லுங்கள். கம்யூட்டர் வகையில் இருந்தால் விண்ட்சர் என்று தைரியமாகச் சொல்லலாம், சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. அந்த வகைக்கு மாறாமல் விண்ட்சரில் குடியிருந்துகொண்டு டெட்ராய்ட் நண்பர் வீட்டு முகவரியைச் சொல்வதுதான் ஆபத்து. கார்டு போவது ஒரு நஷ்டம், பொய் சொன்னதாகப் பதிவாவது வாழ்நாள் நஷ்டம்.

அமெரிக்க எல்லையில் எப்போதாவது ஐ-407 என்ற படிவத்தை நீட்டி, இதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் சுலபமாக முடிந்துவிடும் என்று சொன்னால் கை நடுங்கிப் போட்டுவிடாதீர்கள். அது கிரீன் கார்டை நீங்களே மனமுவந்து விடும் படிவம். போடச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. என் வழக்கைக் குடியேற்ற நீதிபதி கேட்கட்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று வந்து எட்டு, ஒன்பது மாதம் தங்கிவிட்டுத் திரும்பும் நம் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் மனம் உடைந்து கையெழுத்துப் போடுகிறார்கள். அவர்களிடம் மருத்துவமனைக் காகிதமும், அங்கே ஓடிக்கொண்டிருந்த வீட்டு வாடகையும், விடுப்புக் கடிதமும் இருந்திருந்தால் பெரும்பாலும் நின்றிருக்கும்.

அடுத்தது வரி. கிரீன் கார்டு கைக்கு வந்து அமெரிக்காவுக்குள் நுழைந்த நாளில் இருந்து, நீங்கள் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். வீடு விண்ட்சரில் இருப்பதால் கனடாவுக்கும் உலக வருமானம் முழுதும் காட்ட வேண்டும். ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை முழு வரி கட்ட மாட்டீர்கள், ஒரு பக்கம் கட்டியதை இன்னொரு பக்கம் கழித்துக்கொள்ளலாம். டெட்ராய்ட் நகரமே வெளியில் இருந்து வேலைக்கு வருபவர்களிடம் 1.2 சதவீதம் நகர வருமான வரி பிடிக்கும், அதையும் கழிவில் சேருங்கள்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின்படி, வீடும் குடும்பமும் கனடாவில் இருப்பதால் நீங்கள் கனடாவாசி, அமெரிக்காவுக்கு வெளியாள் என்று காட்டி வரியைக் குறைக்கலாம் என்று யாராவது ஆடிட்டர் யோசனை சொல்லக்கூடும். வரிக் கணக்குக்கு அது சரிதான். ஆனால் நான் அமெரிக்காவாசி இல்லை என்று நீங்களே கையெழுத்திட்டுக் கொடுக்கும் அந்த 1040-என்.ஆர். படிவத்தை, கிரீன் கார்டைக் கைவிட்டதற்கான அடையாளமாகக் குடியேற்றத் துறை எடுத்துக்கொள்ள முடியும். கார்டு வேண்டும் என்றால் அமெரிக்காவாசிகள் போடும் முழு 1040 படிவத்தைப் போடுங்கள். கனடா பக்கம் இந்த ஆபத்து இல்லை. கனடாவுக்கு வரியில் வெளியாள் என்று ஆனாலும் பி.ஆருக்கு அவர்கள் பார்ப்பது நாட்களைத்தான். அப்புறம், கனடாவில் டி.எஃப்.எஸ்.ஏ. என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கு வைத்திருந்தால், அதை வரியில்லாக் கணக்காக அமெரிக்கா ஏற்பதில்லை, கிரீன் கார்டு வருவதற்கு முன்பே அதை என்ன செய்வது என்று முடிவெடுங்கள். ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கான ஆர்.ஆர்.எஸ்.பி.க்கு இரு நாட்டு வரி ஒப்பந்தத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது.

இப்போது ஊர்க் கணக்குக்கு வருவோம். அப்பாவோடு சேர்ந்து இருக்கும் வங்கிக் கணக்கில் ஒரு பைசாகூட உங்களுடையது இல்லை என்றாலும், உங்கள் பெயர் அதில் இருக்கும்வரை அமெரிக்காவுக்குத் தெரிவிக்க வேண்டிய கணக்குதான். அமெரிக்காவுக்கு வெளியே உங்கள் பெயர் இருக்கும் எல்லாக் கணக்கின் இருப்பும் சேர்ந்து, வருடத்தில் ஏதாவது ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற அறிக்கை போட வேண்டும். கனடாக் கணக்கும் இதில் அடங்கும். இதில் வரி எதுவும் இல்லை, வெறும் தகவல்தான், ஆனால் போடாமல் விட்டால் அபராதம் பெரிது. கொப்பரை விற்ற பணம், மஞ்சள் விற்ற பணம் என்று அப்பாவுடைய வரவு செலவு எல்லாம் அந்தக் கணக்கில் ஓடினால், அது உங்கள் வருமானம் இல்லை என்று பின்னால் விளக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும். உங்கள் பெயரை எடுத்துவிட்டு அம்மா பெயரைச் சேர்த்துவிடுங்கள். அப்பாவின் வசதிக்காகச் சேர்த்த பெயர்தானே.

உங்கள் பெயரில் எஸ்.ஐ.பி.யாக மியூச்சுவல் ஃபண்டு ஓடிக்கொண்டிருந்தால் அதைக் கிரீன் கார்டுக்கு முன் நிறுத்தி, விற்பதைப் பற்றி யோசியுங்கள். இந்திய ஃபண்டுகளை அமெரிக்கா மிகக் கடுமையான ஒரு வகையில் வைத்து வரி போடுகிறது, ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனியாக 8621 படிவம் வேண்டும். அந்தப் படிவத்தைப் போட்டுத் தருவதற்கு ஆகும் செலவு சில சமயம் ஃபண்டின் லாபத்தையே தின்றுவிடும்.

தோட்டம் அப்பா பெயரில் இருக்கும்வரை உங்களுக்குத் தலைவலி இல்லை. உங்கள் பெயருக்கு வந்தபின் குத்தகைப் பணம் வந்தால், இந்தியாவில் விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது என்பது அங்கே செல்லாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் அது வரிக்கு உட்பட்ட வருமானம். இங்கே வரி கட்டாததால் கழித்துக்கொள்ளவும் எதுவும் இருக்காது. இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. நம் பக்கத்தில் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே மூத்தவனுக்கு இது, இளையவனுக்கு அது என்று செட்டில்மெண்ட் பத்திரம் எழுதிவிடுவது வழக்கம். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரும், வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த நம்மவர்களுக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவரும் விவசாய நிலத்தை விலைக்கு வாங்கவும் கூடாது, தானமாகப் பெறவும் கூடாது. வாரிசாகப் பெறலாம், ஏற்கனவே பெயரில் இருப்பதை வைத்துக்கொள்ளலாம். ஆகவே கோபித் தோட்டத்தை உங்கள் பெயருக்கு எழுதப் போகிறார்கள் என்றால் செட்டில்மெண்ட் வேண்டாம், உயில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கனடாக் குடியுரிமை எடுக்கும் நாளில் இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும் என்பதையும், பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓ.சி.ஐ. எடுக்க வேண்டும் என்பதையும் வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள். பிறகு தெரிந்தால் வருத்தப்படுவார்கள்.

எல்லாப் பக்கத்து நாடுகளும் இப்படித்தானா என்று கேட்டால், இல்லை. ஆஸ்திரேலியா பி.ஆர். வைத்திருப்பவர் நியூசிலாந்தில் போய் இறங்கினாலே வசிப்பு விசா கிடைக்கிறது. அங்கே காலம் கழித்து நிரந்தர விசா வாங்கிவிட்டால் அதற்குக் காலாவதியே கிடையாது, அதனால் அந்த ஜோடிதான் வைத்திருக்க மிகச் சுலபம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகால வசிப்புரிமை நேர்எதிர், இரண்டாவது நாட்டில் அதே உரிமை கிடைத்ததும் முதல் நாட்டில் இருந்தது போய்விடும். ஒருவருக்குச் சரியாக வந்ததை வைத்து இன்னொரு நாட்டைக் கணக்குப் போட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி கல்யாணம். நம் பக்கத்தில் ஜாதகம் பொருந்திய பின் பெண் வீட்டார் கேட்கும் இரண்டாவது கேள்வியே, பொண்ணை எப்பங்க கூட்டிட்டுப் போவீங்க என்பதுதான். கிரீன் கார்டு இருக்கிறது என்றால் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கிரீன் கார்டு வாங்கிய பின் கல்யாணம் செய்பவரின் மனைவிக்கு, எஃப்2ஏ என்ற வரிசையில் வருடக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அந்தக் காலத்தில் கணவனோடு வாழ்வதற்கென்று அவருக்குத் தனி விசா கிடையாது. எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவரின் மனைவி சில மாதங்களில் போய்ச் சேர்ந்துவிடுகிறார், கிரீன் கார்டுக்காரரின் மனைவி ஊரில் மாமியார் வீட்டில் காத்திருக்கிறார். தெரியாமல் சம்மதித்துவிட்டுப் பிறகு அந்தப் பெண்கள் படும் வேதனையைப் பார்த்திருப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் முதல்முறையாக, கிரீன் கார்டுக்கான குடியேற்ற விசாவோடு அமெரிக்காவுக்குள் நுழையும் நாளுக்கு முன்பே கல்யாணம் நடந்திருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. அப்போது உங்கள் மனைவி உங்கள் விண்ணப்பத்தின் தொடர்ச்சியாக, உங்களுக்குரிய அதே வரிசைத் தேதியோடு வரலாம். உடனே வர வேண்டும் என்பதும் இல்லை, உங்கள் கிரீன் கார்டும் கல்யாணமும் நிலைத்திருக்கும்வரை அந்த உரிமைக்குக் காலக்கெடு கிடையாது. குடியேற்ற விசா கையில் வந்தபின் பொதுவாக 6 மாதம் வரை செல்லும். அதனால் தை முகூர்த்தத்துக்கு முன்பே விசா வந்துவிட்டாலும், தூதரகத்துக்குத் தெரிவித்துவிட்டு, கல்யாணத்தை முடித்தபின் உள்ளே நுழையலாம். கம்பெனி அவசரப்படுத்தினால் இந்தக் காரணத்தைச் சொல்லி நேரம் கேளுங்கள், இது கேட்கத் தகுந்த காரணம்.

மனைவிக்குக் கிரீன் கார்டு எடுக்கும்வரை அவர் எங்கே இருப்பார்? விண்ட்சரில் உங்களோடு. கனடா பி.ஆர். ஒருவர், கனடாவில் வசித்தால்தான் மனைவிக்கு ஸ்பான்சர் செய்ய முடியும். நேராக டெட்ராய்டுக்குக் குடிபோயிருந்தால் அந்தக் கதவும் மூடியிருக்கும். விண்ட்சரில் இருப்பதால் அது திறந்திருக்கிறது. அவர் கனடா பி.ஆரில் வந்து உங்களோடு இருக்கட்டும். நீங்கள் டெட்ராய்டுக்கு வீடு மாறும் நேரத்தில் அவருக்கும் கிரீன் கார்டு எடுங்கள். முன்கூட்டியே எடுத்தால் அவருக்கு அமெரிக்காவில் வேலை இல்லாததால் கம்யூட்டர் வகை பொருந்தாது, விண்ட்சரில் குடியிருந்துகொண்டு அந்தக் கார்டைக் காப்பாற்றவும் முடியாது.

உங்கள் நண்பர்களில் யாராவது கனடா பி.ஆர். ஒப்புதல் வந்து இன்னும் அங்கே போய் இறங்காமல் இருந்தால் அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒப்புதலுக்கும் இறங்குவதற்கும் நடுவில் கல்யாணம் நடந்தால் அதை இறங்கும் முன் தெரிவித்தே ஆக வேண்டும். தாமதமாகுமே என்று மறைத்து, தனியாள் என்று சொல்லி இறங்கினால், அந்த மனைவியைக் குடும்ப வகையில் பின்னால் அழைப்பதையே சட்டம் தடுக்கிறது. நீங்கள் தனியாளாக இறங்கி இரண்டு வருடம் ஆகிவிட்டதால் இது உங்களைத் தொடாது.

கடைசியாகக் காகிதம். மண்டபத்தில் தாலி கட்டிய போட்டோ இரண்டு நாட்டுக்கும் போதாது. தமிழ்நாட்டில் 2009ஆம் வருடச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் 90 நாள் காத்திருக்காதீர்கள். இரண்டு பேருடைய பெயரும் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து வருகிறதா என்று பார்த்து, மறுவீட்டு விருந்துக்குப் போகும் முன் சார்பதிவாளர் ஆபீசுக்குப் போய்ப் பதிவுச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். டெட்ராய்ட் பாலத்தில் முதல் முறை குடியேற்ற விசாவை நீட்டும்போது, அந்தச் சான்றிதழில் இருக்கும் கல்யாணத் தேதி அன்றைய தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும்.